ஊசி வேறு, கஷாயம் வேறு: அக்குபஞ்சருக்கும் சீன மூலிகை சிகிச்சைக்கும் முதல்முறை போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: பல மாதங்களாக இடுப்பு வலி. ரத்த அழுத்தத்துக்கு தினமும் மாத்திரை. முதல்முறையாக அக்குபஞ்சர் செய்துகொள்ள நேரம் வாங்கியாயிற்று, அங்கே சீன மூலிகையும் கொடுப்பார்களாம். ஊசி வலிக்குமா, எத்தனை தடவை போக வேண்டும், மூலிகையை நம்பிச் சாப்பிடலாமா, இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா?

முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில், ஒரே ஆளின் கையிலிருந்து வருவதால் ஊசியும் மூலிகையும் ஒன்று போலத் தோன்றும். உடம்பைப் பொறுத்தவரை அவை இரண்டும் வேறு வேறு. ஊசியை உருவியதும் உள்ளே எதுவும் தங்குவதில்லை. கஷாயமோ குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, நீங்கள் ஏற்கெனவே விழுங்கிய மாத்திரையோடு சேர்ந்து கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. புதிதாக வருகிறவர்களில் பலர் ஊசியைப் பார்த்து நடுங்குகிறார்கள், கஷாயத்தை மட்டும் "இலை வேர்தானே" என்று மறுபேச்சு இல்லாமல் குடித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது ஊசியைவிடக் கஷாயத்துக்குத்தான் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம் எடுக்கும், ஒன்றரை மணி நேரம்கூடப் போகலாம். அதில் பெரும்பகுதி கேள்விதான். தூக்கம், பசி, மலம், சிறுநீர், வியர்வை, மாதவிடாய், தாகம் எடுத்தால் குளிர்ந்த தண்ணீர் கேட்கிறதா சூடாகக் கேட்கிறதா என்பது வரை. இடுப்பு வலிக்கும் தாகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சீன மருத்துவம் நோயின் பெயருக்கு மருந்து கொடுப்பதில்லை. குளிர்ச்சியா சூடா, மேலோட்டமா உள்ளேயா, குறைவா மிகுதியா என்று பார்த்து ஒரு கோலத்தை, அதாவது அறிகுறிகளின் தொகுப்பைப் பிடித்து, அந்தக் கோலத்துக்குத்தான் சிகிச்சை. இடுப்பு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் கனத்து, சூடு வைத்தால் இளகும் வலி ஒரு வகை. ஒரே இடத்தில் குத்துவது போல் நின்று இரவில் கூடுவது இன்னொரு வகை. மந்தமாக, முழங்காலும் சேர்ந்து தளர்ந்து, படுத்தால் தணிவது மூன்றாவது வகை. மூன்று பேருக்கும் ஊசிப் புள்ளிகள் ஓரளவு ஒத்துப்போகலாம், மூலிகை மாறிவிடும்.

நாக்கை நீட்டச் சொல்வார்கள். நிறம், தடிமன், ஓரத்தில் பல் பதிந்த தடம், வெடிப்பு, மேலே படிந்த மாவு எல்லாம் கணக்கு. அதனால் அன்று காலை நாக்கை வழிக்காதீர்கள், போவதற்கு முன் காபி, தேநீர், சாயம் கலந்த மிட்டாய் எதுவும் வேண்டாம். அடுத்து நாடி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து, லேசாகவும் அழுத்தியும் பார்ப்பார்கள். துடிப்பின் எண்ணிக்கையோடு அதன் ஆழம், அகலம், இறுக்கமும் அவர்களுக்கு முக்கியம். ரத்த அழுத்த மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை நாடியை மெதுவாக்கும். அதைச் சொல்லாவிட்டால் மாத்திரை உண்டாக்கிய நாடியை உங்கள் உடம்பின் நாடி என்று படித்துவிடுவார்கள். எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. பரிசோதித்துவிட்டு "உங்களுக்குச் சிறுநீரக சக்தி குறைவு", "கல்லீரலில் தேக்கம்" என்பார்கள். கேட்டவர் அரண்டுபோவார். சீன மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது எலும்பு, இடுப்பு, முதுமை, இனப்பெருக்கம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் ஒரு பெயர். ஆய்வகத்தில் ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவின் அளவைப் பார்த்துச் சொல்லும் சிறுநீரக நோய் அல்ல அது. அதேபோல நாடி பார்த்து "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் அது ஆய்வக அறிக்கைக்கு ஈடாகாது. ஒரே நோயாளியைப் பல சீன மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து வெவ்வேறு கோலம் சொன்னதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நோய் என்ன என்பதை நவீன மருத்துவரிடம் தெரிந்துகொண்டு பிறகு இங்கே வருவதுதான் முறை. இடுப்பு வலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடையின் உள்பக்கமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் பலம் இழப்பது இருந்தால் அன்றே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் ஓயாத இரவு வலி இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது நவீன மருத்துவரைத்தான்.

இனி ஊசி. ரத்தம் எடுக்கும் ஊசி ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிமன், உள்ளே குழல், நுனி சாய்வாக வெட்டப்பட்டு சதையை அறுத்துக்கொண்டு போகும். அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் 0.20 முதல் 0.30 மி.மீ., உள்ளே குழல் கிடையாது, நுனி கூர்மையானாலும் சதையை விலக்கிக்கொண்டு நுழையும் வடிவம். இடுப்புக்கு 0.25 மி.மீ. தடிமனில் 40 மி.மீ. நீளம் சாதாரணம். முகத்துக்கும் காதுக்கும் இன்னும் மெல்லியதும் குட்டையானதும் போதும். ஊசியைவிடச் சில மி.மீ. குட்டையான பிளாஸ்டிக் குழாயைத் தோலில் அழுத்தி வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை விரலால் ஒரு தட்டு. அதற்குள் தோலைத் தாண்டிவிடும். குழாயின் அழுத்தத்தில் குத்தியதே பலருக்குத் தெரியாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்ல இறக்குவார்கள். விரல் நுனியில் இரண்டு மூன்று மி.மீ., பிட்டத்தில் ஐந்து ஆறு செ.மீ. வரைகூட.

இடத்தை அளப்பது உங்கள் விரலால்தான். உங்கள் கட்டைவிரல் கணுவின் அகலம் ஒரு சுன், நான்கு விரல் சேர்த்து வைத்த அகலம் மூன்று சுன். முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கம் உள்ள குழியிலிருந்து மூன்று சுன் இறங்கி, கால் எலும்பின் முன் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே போனால் ஸூசான்லி என்ற புள்ளி. அழுத்திப் பார்த்தால் சுற்றியுள்ள இடத்தைவிட அங்கே நோவு தெரியும். உடம்பில் மரபாக எண்ணப்படும் புள்ளிகள் 361. ஒரு அமர்வில் ஐந்து முதல் இருபது வரை ஊசி.

சரியான ஆழம் வந்ததும் ஒரு உணர்வு வரும். சீனத்தில் 'தே சீ' என்பார்கள். உளைச்சல், கனம், விம்மல், மரமரப்பு போல இருக்கும். சிலருக்கு ஊசியிலிருந்து சற்றுத் தள்ளிக்கூடப் பரவும். இது எதிர்பார்க்கப்படுவதுதான். சுரீரென்று எரிந்தாலோ மின்சாரம் பாய்ந்தது போல் ஓடினாலோ நரம்பையோ ரத்தக்குழாயையோ தொட்டிருக்கலாம். பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள், கொஞ்சம் பின்னிழுத்தாலே சரியாகிவிடும். பிறகு 20 முதல் 30 நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கூப்பிட ஒரு மணியோ, குரல் கேட்கும் தூரத்தில் ஓர் ஆளோ இருப்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் போகாதீர்கள். முதல் நாளில் மயக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் பசியோடும் பயத்தோடும் உட்கார்ந்த நிலையில் குத்திக்கொண்டவர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிட்டு, படுத்த நிலையில் குறைந்த ஊசிகளோடு தொடங்கச் சொல்லுங்கள். வேர்த்து, குமட்டி, கண் இருட்டினால் எல்லா ஊசியையும் எடுத்து, காலை உயர்த்தி வைத்தால் சில நிமிடங்களில் தெளியும். ஊசி சிக்கிக்கொள்வதும் உண்டு. தசை இறுகுவதால், அல்லது ஒரே திசையில் அதிகம் திருகி சதை நார் சுற்றிக்கொள்வதால் அப்படி ஆகும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பக்கத்தில் நீவிவிட்டு, திருகிய திசைக்கு எதிராகத் திருப்பி, காத்திருந்து எடுப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஆடாமல் இருப்பது மட்டும்.

ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தடித்த டப்பாவில் போட வேண்டும். கொதிக்க வைத்து மறுபடி பயன்படுத்துவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எத்தனை ஊசி போட்டார்கள், எத்தனை எடுத்தார்கள் என்று எண்ணுங்கள். முடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் ஒன்று மறந்துபோவது அபூர்வம் இல்லை.

ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில் 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் சிறு ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி. நுரையீரல் உறையில் காற்று புகுந்தது இரண்டு பேருக்கு. அரிதுதான், ஆனால் தோள்பட்டை மேடு, மேல் முதுகு, மார்பு ஆகிய இடங்களில் ஆழமாக நேராகக் குத்தினால் நடக்கக்கூடியது. குறிப்பாக ஒல்லியானவர்களுக்கு. சிகிச்சை முடிந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் மார்பில் குத்துவது, வறட்டு இருமல் வரலாம். அப்போது மருத்துவமனைக்குப் போய், எங்கே ஊசி குத்தினார்கள் என்று காட்டுங்கள். அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் தசைப்பிடிப்பு என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், தட்டணுக்கள் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டு வீங்கும் கை உள்ளவர்கள் இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட புள்ளி, உள்கணுக்காலுக்கு மேலே மூன்று சுன் உள்ள புள்ளி போன்றவற்றைக் கர்ப்ப காலத்தில் மரபாகவே தவிர்க்கிறார்கள்.

வேலை செய்கிறதா? நேர்மையான பதில் கொஞ்சம் நீளம். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள், முடிவு 2007ல் வந்தது. ஆறு மாதம் கழித்து, முறைப்படி அக்குபஞ்சர் செய்துகொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. புள்ளி இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபஞ்சரில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம். இந்த மூன்று எண்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். வழக்கமான சிகிச்சையைவிட ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு நிச்சயமாக மேல். ஆனால் எந்தப் புள்ளி, எவ்வளவு ஆழம் என்பதில் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. பிற்காலத்தில் 20,827 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது போலியைவிட உண்மை ஊசி சற்று மேலே நின்றது, இடைவெளி சிறியது. ஊசி குத்தினால் உடம்பு தன் சொந்த வலிநிவாரணிகளான எண்டார்பின்களைச் சுரக்கிறது. அவற்றை முறிக்கும் நலாக்சோன் கொடுத்தால் வலி குறைவதும் மங்கிவிடுகிறது என்று 1970களிலேயே காட்டியிருக்கிறார்கள். நாளங்களில் 'சீ' என்ற உயிர்ச்சக்தி ஓடுகிறது என்ற விளக்கத்தை நம்பினால்தான் பலன் என்று எதுவும் இல்லை. வலிக்கும் தலைவலிக்கும் குமட்டலுக்கும் முயன்று பார்க்கத் தக்கது. புற்றுநோயைக் கரைக்கும், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பவரிடம் போகாதீர்கள்.

வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை, மொத்தம் ஆறிலிருந்து பத்து அமர்வு. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல் ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களில் பத்து அமர்வு வரை என்கிறது. பலன் வரும் விதம் பெரும்பாலும் இப்படி இருக்கும். முதலில் ஒரு நாள் நிவாரணம், அடுத்து மூன்று நாள், பிறகு ஒரு வாரம். அதனால் தினமும் மூன்று எண்களை எழுதி வையுங்கள்: வலி பத்துக்கு எத்தனை, வலி மாத்திரை எத்தனை, இடைவிடாமல் எத்தனை நிமிடம் உட்கார முடிந்தது. ஆறாவது அமர்வில் இந்த எண்கள் நகரவில்லை என்றால் ஏழாவதில் நகரும் என்று காத்திருக்கக் காரணம் இல்லை. இருபது அமர்வுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

மொக்ஸா என்பது மாசிபத்திரி இனத்து இலையைப் பஞ்சாக்கிக் கொளுத்தி, தோலிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடித்துச் சூடேற்றுவது. உணர்ச்சி மரத்த பாதத்துக்கு வேண்டாம், சுட்டதே தெரியாது. கப்பிங் என்பது கிண்ணத்தைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சி இழுப்பது, அதன் தடங்கள் கருஞ்சிவப்பாக ஓரிரு வாரம் இருக்கும்.

இப்போது மூலிகை. தனி மூலிகை கொடுப்பது அரிது, ஒரு கூட்டு மருந்துதான். அதில் முக்கிய வேலைக்கு அரசன், அவனுக்குப் பலம் சேர்க்க அமைச்சன், பக்கவிளைவைத் தணிக்கத் துணை, எல்லாவற்றையும் இணைக்கத் தூதன் என்று பங்கு பிரித்திருப்பார்கள். மூன்றாவது வகை இடுப்பு வலிக்குக் குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தால் தருகிற பழைய கூட்டு ஒன்று 'தூ ஹுவோ ஜீ ஷெங் தாங்', பதினைந்து சரக்கு. கேள்வி கேட்டவருக்குக் கிடைக்க வாய்ப்புள்ளதும் அதுதான், ஆகவே அதையே பிரித்துப் பார்க்கலாம்.

அதில் அதிமதுரம் இருக்கிறது. அதன் கிளிசிரைசின், சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். ரத்த அழுத்தம் ஏறும். அழுத்த மாத்திரையில் சிறுநீர் பெருக்கி சேர்ந்திருந்தால் பொட்டாசியம் இரண்டு பக்கமும் வடிந்து, தசை சோர்ந்து, இதயத் துடிப்பு தடுமாறும். அதே கூட்டில் தாங் குவெய் என்ற வேர் இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவைக் கூட்டும். தான் ஷென் என்ற வேறொரு வேரும் அப்படித்தான். இந்தக் கூட்டில் ஷீ ஷின் என்ற சரக்கும் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட குடும்பத்துச் செடி. அதனால்தான் வேர்ப்பகுதியை மட்டும், ஒன்று முதல் மூன்று கிராமுக்குள் என்று சீன மருந்தியல் நூல் வரையறுக்கிறது. கூட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதிமதுரத்தைக் குறைத்தோ நீக்கியோ, ஷீ ஷின் இல்லாமலோ எழுதித்தர முடியும். உங்களுக்கு அழுத்தம் இருக்கிறது, இந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எழுதுவார்கள். மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும் என்பது இங்கே உதவாது, இரண்டும் ரத்தத்தில் சந்தித்தே தீரும்.

பெயர்க் குழப்பம் உயிரை வாங்கியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைக் குறைப்பு மருந்தில் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதில் குவாங் ஃபாங் ஜி என்ற அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. ஆகவே சீனப் பெயரோடு தாவரவியல் பெயரும் கிராம் கணக்கும் எழுதிய சீட்டைக் கேளுங்கள். "ரகசியக் கூட்டு" என்றால் வாங்காதீர்கள். தயார் மாத்திரைகளில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் ஒளித்துக் கலந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஒரே நாளில் மூட்டுவலி மாயமாக மறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

காய்ச்சும் முறை. மண், கண்ணாடி, எனாமல் அல்லது துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம். இரும்பும் அலுமினியமும் வேண்டாம், சரக்கின் துவர்ப்புப் பொருட்களோடு சேர்ந்து மாறிவிடும். ஒரு நாள் பொட்டலத்தைக் குளிர்ந்த நீரில் அரை மணி ஊற வையுங்கள், சரக்குக்கு மேல் இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். நேரே கொதிநீரில் போட்டால் வேரின் மேல்பகுதி இறுகி உள்ளிருப்பது இறங்காது. கொதித்ததும் தீயைத் தணித்து, மூடி, வேர்க் கூட்டுக்கு 40 நிமிடம். வடித்துவிட்டு, மறுபடி குறைந்த தண்ணீரில் 20 நிமிடம். இரண்டையும் கலந்து பாதி காலை, பாதி மாலை. சளி, காய்ச்சலுக்கான இலைக் கூட்டுக்கு 10 அல்லது 15 நிமிடமே போதும், அதற்கு மேல் போனால் மணமெண்ணெய் பறந்துவிடும். புதினா கடைசி ஐந்து நிமிடத்தில். சிப்பி ஓடு, தாதுக்கள் அரை மணி முன்பே. ஃபூ ட்ஸு என்ற நாவி வகைக் கிழங்கு இருந்தால் சொன்ன நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்காதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் தனியாகக் கொதித்தால்தான் அதன் அகோனிட்டின் நஞ்சு உடையும். நாக்கும் உதடும் மரத்து, துடிப்பு தாறுமாறானால் அது நஞ்சு, உடனே மருத்துவமனை. அடிப்பிடித்துக் கருகினால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டாமல் கொட்டிவிடுங்கள்.

காய்ச்ச நேரமில்லாதவர்களுக்குத் துகள் மருந்து. ஐந்து கிராம் சரக்கின் சத்து ஏறக்குறைய ஒரு கிராம் துகளில் இருக்கும். இங்கேதான் ஒரு பிசகு நடக்கும்: சீட்டில் சரக்கின் எடை இருக்க, அதையே துகளின் எடையாக எடுத்தால் ஐந்து மடங்கு உள்ளே போய்விடும். அளவுக் கரண்டியைக் காட்டி, ஒரு வேளைக்கு எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

தொடங்குவதற்கு முன் கல்லீரல் பரிசோதனை, கிரியேட்டினின், பொட்டாசியம். நான்கு வாரம் கழித்து மறுபடி. வீட்டில் வாரம் மூன்று நாளாவது ரத்த அழுத்தம் பார்த்துக் குறியுங்கள். நரைக்கும் முடி உதிர்வுக்கும் பெயர்போன ஹே ஷோ வூ என்ற வேர் கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் ஏராளம், அதைச் சீட்டில் கண்டால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே வேண்டாம். அறுவை சிகிச்சை என்றால் இரண்டு வாரம் முன்பே மூலிகையை நிறுத்தி, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முதல் சில நாள் வயிறு இளகுவது, உப்புவது பெரும்பாலும் அளவைக் குறைத்தாலே அடங்கும். கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்து, பசியே அற்றுப்போனால், அல்லது முகமும் காலும் வீங்கி அழுத்தம் ஏறினால், "நச்சு வெளியேறுகிறது" என்று யார் சொன்னாலும் அன்றே நிறுத்துங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சீட்டோடு மிச்சமிருக்கும் ஒரு பொட்டலத்தையும் பிரிக்காமல் எடுத்துப் போங்கள். எழுதியது எது, உள்ளே இருந்தது எது என்று சோதித்துப் பார்க்க அது ஒன்றுதான் கிடைக்கும்.